ஆபத்து யார் தலையில் விழுகிறது? கெரில்லாத் தாக்குதலை அறநோக்கில் எடைபோடும் முறை

ஒரு பாலத்தடியில் வெடி வைத்து ராணுவ வண்டி தகர்க்கப்படுகிறது. ஐந்து படையினர் இறக்கிறார்கள். பின்னால் வந்த பேருந்தில் இரண்டு பயணிகளும் இறக்கிறார்கள். இது சரியா, தவறா என்று பத்துப் பேரிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலானோர் முதலில் பார்ப்பது வெடியையோ பாலத்தையோ அல்ல, வெடி வைத்தவரின் கொடியைத்தான். நம் கொடி என்றால் பேருந்து தற்செயல். எதிரியின் கொடி என்றால் பேருந்துதான் இலக்கு.

இந்தப் பழக்கத்தைக் கைவிட்டு, நடந்த ஒரு தாக்குதலைப் படிப்படியாக எடைபோடுவது எப்படி என்பதே இங்கே பேசப்படுவது. மனித உரிமை மீறல்களைப் பதிவு செய்பவர்கள், போர்ச் செய்தி எழுதுபவர்கள், போரறம் படிக்கும் மாணவர்கள் ஆகியோருக்கு இது பயன்படும்.

முதலில் கொடியை மடித்து வையுங்கள்

போருக்குப் போனது நியாயமா என்பது ஒரு கேள்வி. போரில் நடந்துகொண்ட விதம் நியாயமா என்பது வேறொரு கேள்வி. இரண்டையும் கலந்தால் கணக்கு முதல் வரியிலேயே தவறிவிடும். காலனி ஆட்சியை எதிர்த்தவர்கள் சந்தையில் குண்டு வைக்கலாம். ஆக்கிரமிப்புப் படையின் தனியொரு சிப்பாய் பிடிபட்டவரைக் கண்ணியமாக நடத்தலாம். நோக்கத்தின் மதிப்பை ஆயுதத்தின் கணக்கில் வரவு வைக்க முடியாது.

கெரில்லாப் போரில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. மரபுப் படை சீருடை அணிகிறது, முகாமில் தங்குகிறது. தன்மேல் எறியப்படும் குண்டு தன்மேலேயே விழும்படி மக்களிடமிருந்து ஓரளவு தள்ளி நிற்கிறது. எண்ணிக்கையில் சிறிய கெரில்லாவுக்கு மறைவே கவசம். பெரும்பாலும் அந்த மறைவு மக்களுக்குள்தான் கிடைக்கிறது. ஆகவே மறைந்து நிற்பவர் ஒவ்வொருவரும் தன் ஆபத்தில் ஒரு பங்கை அக்கம்பக்கத்தார் தலையில் ஏற்றுகிறார். இதை முழுக்கத் தவிர்க்க வேண்டுமென்றால் கெரில்லாப் போரே கூடாது என்றாகிவிடும். சட்டம் அவ்வளவு தூரம் போகவில்லை. எனவே கேட்க வேண்டியது இது: தவிர்க்க முடியாத அளவுக்கு மேல் எவ்வளவு ஆபத்து மக்கள் பக்கம் தள்ளப்பட்டது? அது தெரிந்தே தள்ளப்பட்டதா? கீழே வரும் எல்லாப் படிகளும் இந்த ஒன்றையே வேறுவேறு பக்கத்திலிருந்து கேட்கின்றன.

எந்தச் சட்டம் பொருந்தும்

இதில் நெடுநேரம் செலவிட வேண்டாம். ஆனால் தாண்டியும் போகக்கூடாது. இரண்டு நாடுகளுக்கிடையிலான போர் என்றால் 1949ஆம் ஆண்டின் நான்கு ஜெனீவா உடன்படிக்கைகள் முழுமையாகப் பொருந்தும். ஒரு நாட்டுக்குள் அரசுக்கும் ஆயுதக் குழுவுக்கும் நடப்பது என்றால் அந்த நான்கிலும் பொதுவாக உள்ள 3ஆம் பிரிவு பொருந்தும். அது குழுவையும் கட்டுப்படுத்தும். குழு கையெழுத்திட்டதா என்ற கேள்வியே எழாது.

1977இல் இரண்டு கூடுதல் நெறிமுறைகள் வந்தன. முதல் நெறிமுறை காலனி ஆதிக்கம், அந்நிய ஆக்கிரமிப்பு, இனவெறி ஆட்சி ஆகியவற்றை எதிர்த்த விடுதலைப் போர்களைச் சர்வதேசப் போர் வரிசையில் சேர்த்தது. இரண்டாவது, உள்நாட்டுப் போருக்கானது. ஆனால் குழுவுக்குப் பொறுப்பான தலைமையும், தொடர்ந்து போர் நடத்தும் அளவுக்கு நிலப்பரப்பின்மேல் பிடியும் இருந்தால்தான் அது பொருந்தும். இந்தியாவும் இலங்கையும் இந்த இரண்டு நெறிமுறைகளிலும் சேரவில்லை. அதனால் அங்கே சட்டமே இல்லை என்று எழுதிவிடாதீர்கள். பொது 3ஆம் பிரிவும், நாடுகளின் தொடர்ந்த நடைமுறையால் உருவாகி, எல்லாத் தரப்பையும் கட்டுப்படுத்தும் வழக்காற்றுச் சட்டமும் இருக்கின்றன. செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு 2005இல் வெளியிட்ட ஆய்வு இப்படி 161 வழக்காற்று விதிகளைத் தொகுத்தது. அவற்றில் பெரும்பாலானவை உள்நாட்டுப் போருக்கும் பொருந்துபவை.

ஆயுதத்தை நான்கு கேள்விகளால் சோதியுங்கள்

முதல் கேள்வி எளிது: அது அடியோடு தடை செய்யப்பட்டதா? நஞ்சு 1899, 1907 ஹேக் விதிகளிலேயே தடை செய்யப்பட்டது. மூச்சை அடைக்கும் வாயுக்களும் நுண்ணுயிரிகளும் 1925 ஜெனீவா நெறிமுறையிலிருந்து தொடரும் தடைக்குள் வருகின்றன. உடலுக்குள் போய் விரியும் தோட்டா 1899இலும், எக்ஸ்ரேயில் தெரியாத சில்லுகளால் காயப்படுத்தும் ஆயுதம் 1980இலும், கண்ணை நிரந்தரமாகக் குருடாக்கும் லேசர் 1995இலும் தடைப்பட்டன. கைவினை ஆயுதம் என்பதால் விலக்கு கிடையாது. வியட்நாமில் மூங்கில் முளைகளில் மலம் பூசி வைத்த குழிகளை வறியவரின் ஆயுதம் என்று சிலர் எழுதுவார்கள். கூர்முளை வைத்த குழி ஒரு விவாதம். புண் சீழ்பிடிக்க வேண்டும் என்றே அதில் மலம் பூசுவது வேறு விஷயம். படைவீரரைச் செயலிழக்கச் செய்யக் குழியே போதும், மலம் கூட்டுவது வேதனையை மட்டும்தான்.

இரண்டாவது கேள்விதான் கெரில்லா ஆயுதங்களில் மிக முக்கியமானது: வெடிக்கச் செய்பவர் யார்? ஒரு மனிதர் கண்ணால் பார்த்து, இலக்கு வந்துவிட்டது என்று முடிவு செய்து வெடிக்க வைத்தாரா? அல்லது மிதித்தவர், திறந்தவர், தொட்டவர் யாரோ அவரே வெடிக்கச் செய்தாரா? 1997 ஒட்டாவா உடன்படிக்கை தடை செய்த மிதிவெடி இரண்டாம் வகை. பார்த்து இயக்கும் வெடி அந்தத் தடைக்குள் வராது. காரணம் தெளிவானது: முதல் வகையில் தீர்ப்பும் பொறுப்பும் ஒரு மனிதரிடம் இருக்கின்றன. இரண்டாம் வகையில் தீர்ப்பு, எடையை மட்டுமே அறிந்த ஒரு தகட்டிடம் விடப்படுகிறது. அந்தத் தகட்டுக்குச் சிப்பாயின் காலும் விறகு பொறுக்கப் போன சிறுமியின் காலும் ஒன்றே.

வாகன எதிர்ப்புக் கண்ணிவெடி ஒட்டாவாத் தடையில் இல்லை. அதனால் அறச் சிக்கல் தீர்ந்துவிட்டது என்று எண்ணுவது அடிக்கடி நேரும் பிழை. தென்னாப்பிரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் 1980 நவம்பரில் ஜெனீவா உடன்படிக்கைகளையும் முதல் நெறிமுறையையும் மதிப்பதாகச் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவிடம் உறுதி எழுதிக் கொடுத்தது. அப்படிச் செய்த விடுதலை இயக்கங்கள் மிகச் சில. அதே இயக்கத்தின் ஆயுதப் பிரிவு 1985 முதல் டிரான்ஸ்வாலின் கிராமப்புறச் சாலைகளில் கண்ணிவெடி வைத்தது. எல்லையோரப் பண்ணையாளர்கள் ராணுவப் பாதுகாப்பு அமைப்பில் இணைக்கப்பட்டவர்கள் என்பது அது சொன்ன காரணம். சாலையில் போனவர்களோ பண்ணைத் தொழிலாளர்களும் அவர்கள் பிள்ளைகளும்கூட. யாருக்காகப் போராடினார்களோ அவர்களே செத்தார்கள். பொதுமக்கள் சாவு மிகுந்ததால் இயக்கம் அந்த உத்தியைக் கைவிட்டது. 1998இல் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் இந்த வெடிகளைப் பாரிய மனித உரிமை மீறல் என்றே பதிவு செய்தது. நிறவெறி ஆட்சியை மனிதகுலத்துக்கு எதிரான குற்றம் என்று சொன்ன அதே ஆணையம்தான். இரண்டு கேள்விகளையும் கலக்காமல் வைப்பது எப்படி என்பதற்கு இதைவிடத் தெளிவான மாதிரி கிடைப்பது கடினம்.

மூன்றாவது கேள்வி: குறிபார்க்க முடிந்ததா? ஆயுதம் தடை செய்யப்படாததாக இருக்கலாம். ஆனால் இந்தத் தொலைவில், இந்த இடத்தில், குறித்த இலக்கில் விழும் என்று நம்ப இடமிருந்ததா? கொலம்பியாவின் பொஹாயாவில் 2002 மே 2 அன்று ஃபார்க் கெரில்லாக்கள் துணைராணுவக் குழுவினரோடு சண்டையிட்டார்கள். துணைராணுவத்தினர் தேவாலயத்தை ஒட்டி நிலையெடுத்திருந்தார்கள். தேவாலயத்துக்குள் சில நூறு ஊர்மக்கள் தஞ்சமிருந்தார்கள். கெரில்லாக்கள் ஏவிய எரிவாயு உருளைக் குண்டுகளில் ஒன்று தேவாலயக் கூரையைப் பிய்த்துக்கொண்டு உள்ளே விழுந்தது. பல பத்துப் பேர் மாண்டார்கள், அவர்களில் பலர் குழந்தைகள். தேவாலயத்தைக் குறிவைத்தார்களா என்று கேட்டால் இல்லை என்றே சொல்ல நேரும். ஆனால் கேட்க வேண்டியது அதுவல்ல. எங்கே விழும் என்று ஏவுபவருக்கே தெரியாத ஒன்றை, மக்கள் நிறைந்த கட்டடத்தின் அருகே ஏவலாமா என்பதே. முதல் நெறிமுறையின் 51ஆம் பிரிவு இதைப் பாகுபாடற்ற தாக்குதல் என்கிறது. “குறிவைக்கவில்லை” என்பது இங்கே மறுப்பு ஆகாது, ஒப்புதல் வாக்குமூலம். மக்களை ஒட்டி நிலையெடுத்த துணைராணுவத்தினரின் குற்றம் தனி. அதைத் தனி வரியில் எழுதுங்கள்.

நான்காவது கேள்வி: போர் முடிந்தால் ஆயுதமும் முடியுமா? துப்பாக்கியைக் கீழே வைத்தால் அது ஓய்ந்துவிடும். மிதிவெடி ஓயாது. 1996இல் திருத்தப்பட்ட கண்ணிவெடி நெறிமுறை, வெடி வைத்த இடங்களைக் குறித்து வைக்கவும், சண்டை ஓய்ந்ததும் அகற்றவும் கட்டளையிடுகிறது. மிதிவெடியைக் கருவிகள் கண்டுபிடிக்கும்படி குறைந்தது 8 கிராம் இரும்புக்குச் சமமான சமிக்ஞை தர வேண்டும் என்கிறது. ஆகவே களத்தில் கேளுங்கள்: வரைபடம் இருந்ததா? வைத்தவர் செத்துப்போனால் வேறு யாரிடம் அது இருந்தது? மரப்பெட்டியிலும் பிளாஸ்டிக்கிலும் வெடி செய்ததற்குக் காரணம் உலோகத் தட்டுப்பாடா, கருவிக்குத் தப்புவதா?

சாதாரணப் பொருளில் ஒளித்து, தொட்டாலோ நகர்த்தினாலோ வெடிக்கும்படி வைக்கும் பொறிவெடிகளுக்கு அதே நெறிமுறையின் 7ஆம் பிரிவில் ஒரு பட்டியல் உண்டு. அதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். செஞ்சிலுவை போன்ற பாதுகாப்புச் சின்னங்கள், நோயாளிகள், காயம்பட்டவர்கள், பிணங்கள், புதைகுழிகள், மருந்தும் மருத்துவக் கருவிகளும், குழந்தைகளின் விளையாட்டுப் பொருள்கள், உணவும் பானமும், ராணுவ இடங்களில் அல்லாத சமையல் பாத்திரங்கள், வழிபாட்டுப் பொருள்கள், விலங்குகளும் அவற்றின் உடல்களும். இவற்றோடு பொறிவெடியை இணைத்தாலே மீறல். யார் செத்தார் என்று பார்க்க வேண்டியதே இல்லை. பட்டியலைக் கூர்ந்து பார்த்தால் ஒரு பொது இழை தெரியும்: எல்லாமே மனிதர் கருணையாலோ பசியாலோ பக்தியாலோ கை நீட்டும் பொருள்கள்.

ஒரு குழு உடன்படிக்கையில் கையெழுத்திட முடியாது, அது நாடுகளுக்கானது. அந்த இடைவெளியை நிரப்பவே 2000இல் ஜெனீவா கால் என்ற அமைப்பு தொடங்கியது. மிதிவெடியைக் கைவிடுவதாக ஆயுதக் குழுக்களிடம் உறுதிப்பத்திரம் பெறுவது அதன் வழி. ஆராயும் குழு அப்படி எதிலாவது ஒப்பமிட்டதா என்று பாருங்கள். ஒப்பமிட்டிருந்தால் “எங்களுக்கு விதி தெரியாது” என்ற வாதம் அடிபட்டுப் போகும்.

யார் மீது பாய்ந்தது

படையினர், படைமுகாம், ஆயுதக் கிடங்கு, படை நகரும் பாதை ஆகியவற்றில் சிக்கல் குறைவு. நடுவில் நிற்பவர்களிடம்தான் சிக்கல். கிராம நிர்வாகி, சாலை போடும் தொழிலாளி, வரி வசூலிப்பவர், ராணுவத்துக்குச் சோறு சமைப்பவர், தகவல் சொன்னதாகச் சந்தேகிக்கப்படுபவர். பொதுமக்களில் ஒருவர் போரில் நேரடியாகப் பங்கெடுக்கும் நேரத்தில் மட்டுமே இலக்காவார். செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு 2009இல் தந்த வழிகாட்டல் இதற்கு மூன்று அளவுகோல் வைக்கிறது: அந்தச் செயல் எதிரியின் படைப்பலத்துக்குத் தீங்கு தரும் அளவினதா, அல்லது மக்களைக் கொல்வதா? தீங்கு அந்தச் செயலாலேயே நேரடியாக விளைகிறதா? ஒரு தரப்புக்கு ஆதரவாகவும் மறுதரப்புக்கு எதிராகவும் செய்யப்பட்டதா? மூன்றும் சேர வேண்டும்.

இதை வைத்துப் பார்த்தால், தாக்குதல் நடக்கும்போது மலைமேல் நின்று எதிரியின் நகர்வைச் சொல்பவர் பங்கெடுக்கிறார். நெல் விற்றவர் பங்கெடுக்கவில்லை. வரி கட்டியவரும் இல்லை, அரசு பள்ளியில் பாடம் நடத்துபவரும் இல்லை. “அரசின் ஊழியர்” என்ற சொல்லை இலக்கு என்பதற்கு மாற்றுச் சொல்லாகப் பயன்படுத்தும் அறிக்கைகளைக் கண்டால் அங்கே ஒரு கோடு போடுங்கள். அரசுத் தரப்பு “கெரில்லா ஆதரவாளர்” என்று எழுதும்போதும் அதே கோடு.

உடையும் வேடமும்

1907 ஹேக் விதிகள் முறைசாராப் படைகளுக்கு நான்கு நிபந்தனை வைத்தன: பொறுப்பேற்கும் தலைவர், தொலைவிலிருந்தே தெரியும் நிலையான அடையாளம், வெளிப்படையாக ஆயுதம் ஏந்துதல், போர்ச் சட்டப்படி நடத்தல். கெரில்லாவுக்கு இரண்டாவது இயலாது. 1977இன் முதல் நெறிமுறை 44ஆம் பிரிவில் அதைத் தளர்த்தியது. அடையாளம் காட்ட முடியாத நிலையில், மோதல் நடக்கும்போதும், தாக்குதலுக்கு முந்திய படைநகர்வில் எதிரியின் கண்ணில் படும் நேரத்திலும் ஆயுதத்தை வெளிப்படையாக ஏந்தினால் போதும் என்றது. அமெரிக்கா இந்த நெறிமுறையை ஏற்க மறுத்ததற்கு இந்தத் தளர்வும் ஒரு காரணம்.

தந்திரம் வேறு, நம்பிக்கைத் துரோகம் வேறு. ஒளிந்திருப்பது, பொய்த்தடம் விடுவது, போலித் தகவல் பரப்புவது, ஆளில்லாத இடத்தில் தீ மூட்டிப் படை இருப்பதாகக் காட்டுவது எல்லாம் தந்திரம், அனுமதி உண்டு. சட்டம் தரும் பாதுகாப்பை எதிரி நம்பும்படி செய்து, அந்த நம்பிக்கையை வைத்தே கொல்வதோ காயப்படுத்துவதோ பிடிப்பதோ நம்பிக்கைத் துரோகம். வெள்ளைக்கொடி காட்டிச் சுடுவது, காயம்பட்டது போல் படுத்துக் கையெறிகுண்டு வீசுவது, ஆம்புலன்ஸில் வெடி ஏற்றுவது, கர்ப்பிணி வேடத்தில் சோதனைச்சாவடியை நெருங்கி வெடிப்பது ஆகியவை இந்த வகை. எளிய சோதனை ஒன்று: எதிரி ஏமாந்தது அவனுடைய கவனக்குறைவாலா, கருணையாலா? கருணையால் ஏமாந்தான் என்றால் அடுத்த முறை உண்மையான கர்ப்பிணிமேல் அவன் சுடுவான். அந்த விலையைக் கொடுப்பவர் வேடம் போட்டவர் அல்ல.

சின்னங்களைத் தவறாகப் பயன்படுத்துவது கெரில்லாக்களின் தனிப்பழக்கமும் அல்ல. 2008 ஜூலையில் கொலம்பிய ராணுவம் ஃபார்க் பிடியிலிருந்து 15 பணயக்கைதிகளை ஒரு குண்டும் சுடாமல் மீட்டது. மீட்கப் போனவர்களில் ஒருவர் செஞ்சிலுவைச் சின்னம் அணிந்திருந்ததைப் பின்னர் அரசே ஒப்புக்கொண்டது. நோக்கம் நல்லது, உயிர்ச்சேதம் இல்லை. ஆனாலும் சின்னத்தின் தவறான பயன்பாடு என்று எழுதத்தான் வேண்டும்.

விகிதம் பார்ப்பது: நார்வேயின் படகு

இலக்கு சரியானது, ஆயுதம் சரியானது. ஆனாலும் பொதுமக்கள் சாவார்கள் என்று தெரிகிறது. அப்போது எதிர்பார்த்த, கண்கூடான, நேரடி ராணுவப் பயனோடு ஒப்பிட்டால் அந்த இழப்பு மிகையா என்று கேட்க வேண்டும். இதற்கு வாய்பாடு கிடையாது. இத்தனை சிப்பாய்க்கு இத்தனை குடிமகன் என்று எழுதுபவர் விகிதம் பார்க்கவில்லை, வியாபாரம் பார்க்கிறார்.

பயிற்சிக்கு ஏற்ற நிகழ்வு ஒன்று 1944 பிப்ரவரி 20 அன்று நார்வேயில் நடந்தது. ஜெர்மனியின் அணு ஆய்வுக்கான கனநீர் வெமோர்க் ஆலையிலிருந்து ரயில் பெட்டிகளில் ஏற்றப்பட்டு, தின் ஏரியைப் பயணிகள் படகு ஒன்றில் கடக்கவிருந்தது. ஜெர்மன் ஆக்கிரமிப்பை எதிர்த்த நார்வே எதிர்ப்பியக்கத்தார் படகில் வெடி வைத்து மூழ்கடித்தார்கள். 14 நார்வேக்காரர்களும் 4 ஜெர்மானியரும் இறந்தார்கள்.

வரிசையாகக் கேளுங்கள். மாற்றுவழி இருந்ததா? ஆலைக்குக் காவல் பெருகியிருந்தது, ரயில்பாதையில் தாக்குவதும் ஆராயப்பட்டது. விண்ணிலிருந்து தாக்குவது மேலா? 1943 நவம்பரில் அமெரிக்க விமானங்கள் அதே ஆலைமீது குண்டு வீசியபோது நார்வேப் பொதுமக்கள் இருபது பேர் அளவில் இறந்தார்கள். இழப்பைக் குறைக்க என்ன செய்தார்கள்? பயணிகள் குறைவாக இருக்கும் ஞாயிற்றுக்கிழமைப் பயணத்தைத் தேர்ந்தார்கள். முன்கூட்டிச் சொல்ல முடிந்ததா? சொன்னால் சரக்கு வேறு வழியில் போய்விடும். மேலிடத்தில் கேட்டார்களா? உள்ளூரில் இருந்தவர்கள் தயங்கி லண்டனிடம் கேட்டார்கள். அங்கிருந்து செய்யும்படி பதில் வந்தது.

இங்கே ஆராய்பவர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஜெர்மானியர் அணுகுண்டுக்கு அருகில்கூட வரவில்லை என்பது போருக்குப் பிறகு தெரிந்தது. அதை வைத்து 1944ஆம் ஆண்டின் முடிவைத் தீர்ப்பது முறையல்ல. அன்று, அந்த நேரத்தில், நியாயமாக முயன்றிருந்தால் என்ன தெரிந்திருக்கும் என்பதே அளவு. அதே விதி மறுபக்கமும் வெட்டும்: “பேருந்து வரும் என்று தெரியாது” என்று சொல்பவரிடம், அந்தச் சாலையில் பேருந்து வரும் நேரம் ஊரறிந்த ஒன்றா என்று கேளுங்கள்.

எச்சரிக்கை கொடுத்தேன் என்பவரிடம்

எச்சரிக்கை கொடுத்ததாகச் சொல்வது பொறுப்பிலிருந்து நழுவும் வாசலாக அடிக்கடி பயன்படுகிறது. வட அயர்லாந்தின் ஓமா நகரில் 1998 ஆகஸ்ட் 15 அன்று கார்க்குண்டு வெடித்து 29 பேர் இறந்தார்கள். தொலைபேசியில் எச்சரிக்கை வந்திருந்தது. நீதிமன்றத்தைச் சொன்ன அந்த எச்சரிக்கையில் இடம் துல்லியமாக இல்லை. காவலர்கள் மக்களை நீதிமன்றப் பக்கமிருந்து நகர்த்தினார்கள், வெடி நின்ற பக்கமாக.

எச்சரிக்கையைச் சோதிக்க நிமிடக் கணக்கு எழுதுங்கள்: யார், யாருக்கு, எத்தனை மணிக்கு, எந்தச் சொற்களில், எந்த இடம், வெடிக்க எவ்வளவு நேரம், அந்த நேரத்தில் அந்த இடத்தைக் காலி செய்ய இயலுமா, போக வேண்டிய திசை எது. புறநானூற்றின் 9ஆம் பாட்டில் வரும் பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதி அம்பு தொடுக்குமுன் அறிவிப்பதாகப் பாடப்படுகிறது. யார் யார் விலக வேண்டும் என்று பட்டியல் சொல்லி, உங்கள் பாதுகாப்பான இடத்துக்குப் போய்ச் சேருங்கள் என்கிறது அந்த அறிவிப்பு. பசு, பார்ப்பனர், பெண்டிர், பிணியாளர், பிள்ளைபெறாதவர் என்று இன்றைய கண்ணுக்குக் குறையுள்ள பட்டியல்தான். ஆனால் எவர் விலக வேண்டும், எங்கே போக வேண்டும் என்ற இரண்டும் அதில் இருக்கின்றன. பல தொலைபேசி எச்சரிக்கைகளில் அந்த இரண்டுமே இருப்பதில்லை. நேரத்துக்கு முன்பே வெடித்தால் எச்சரிக்கை இருந்தும் இல்லாததே; வெடிப்பொறி நம்பத்தக்கதா என்பதும் வைத்தவரின் பொறுப்பில் சேரும்.

பழிவாங்கலை முன்னறிந்தால்

ரோம் நகரின் ராசெல்லா தெருவில் 1944 மார்ச் 23 அன்று எதிர்ப்பியக்கத்தார் வைத்த குண்டில் ஜெர்மன் தரப்புப் போலீஸ் படையினர் 33 பேர் இறந்தார்கள். மறுநாள் ஆர்டியட்டீன் குகைகளில் 335 பேரை ஜெர்மானியர் சுட்டுக் கொன்றார்கள். இறந்த 335 பேருக்குப் பொறுப்பு சுட்டவர்களிடமே. கூட்டுத் தண்டனை எந்தக் கணக்கிலும் குற்றம். குண்டு வைத்தவர் தலையில் அதைக் கட்டுவது கொன்றவருக்கு வக்காலத்து வாங்குவதாகும். இதில் தடுமாற வேண்டாம்.

ஆனால் திட்டமிட்டவரிடம் கேட்க இன்னொன்று மிச்சமிருக்கிறது: பழிவாங்கல் வரும் என்று தெரிந்தபோது அதைத் திசைதிருப்ப ஏதாவது செய்தாரா? மீண்டும் வெமோர்க். 1943 பிப்ரவரியில் ஆலைக்குள் புகுந்து கனநீர்க் கலங்களைத் தகர்த்த நார்வே வீரர்கள் பிரிட்டிஷ் சீருடையில் போனார்கள். போகும்போது ஒரு தாம்சன் துப்பாக்கியை விட்டுவிட்டுப் போனார்கள். உள்ளூர்க்காரர் வேலை அல்ல, வெளியிலிருந்து வந்த படையின் வேலை என்று ஜெர்மானியர் நினைக்க வேண்டும் என்பதற்காக. ஒரு குண்டும் சுடப்படவில்லை, ஒருவரும் இறக்கவில்லை. மக்கள் தலைக்குப் போயிருக்க வேண்டிய ஆபத்தைத் தம் பக்கம் இழுத்துக்கொண்ட செயல் அது. இதற்கு நேரெதிரான உத்தியும் உண்டு: பழிவாங்கல் வரட்டும், அப்போதுதான் மக்கள் நம் பக்கம் சேருவார்கள் என்று கணக்குப் போட்டு ஊருக்கு நடுவிலிருந்து சுடுவது. அந்தக் கணக்குக்கு ஆதாரம் கிடைத்தால், இலக்கு படைமுகாமாகவே இருந்தாலும் அதை அறிக்கையின் முதல் பக்கத்தில் வையுங்கள்.

பிடிபட்டவர், காட்டிக்கொடுத்தவர், சிறுவர்

“கைதிகளை வைத்துக் காக்க எங்களிடம் இடமில்லை, அதனால் கொன்றோம்” என்ற வாதத்துக்குச் சட்டத்தில் நேரடியான பதில் இருக்கிறது. முதல் நெறிமுறையின் 41ஆம் பிரிவு, வழக்கத்துக்கு மாறான சூழலில் பிடிபட்டவரைக் கொண்டுபோக முடியாவிட்டால் விடுவிக்க வேண்டும், அவர் பாதுகாப்புக்கு ஆனதைச் செய்ய வேண்டும் என்கிறது. விடுவித்தால் இருப்பிடத்தைச் சொல்லிவிடுவார் என்பது மெய்யான ஆபத்துதான். அந்த ஆபத்தைச் சுமக்க வேண்டியவர் பிடித்தவர். முகாமை மாற்றிக்கொள்ள வேண்டியவரும் அவரே.

காட்டிக்கொடுத்தவர் என்று கொல்வதுதான் கெரில்லா இயக்கங்களின் கணக்கில் மிக மோசமாக எழுதப்படும் பக்கம். பொது 3ஆம் பிரிவு முறைப்படி அமைந்த நீதிமன்றத் தீர்ப்பின்றித் தண்டனையைத் தடை செய்கிறது. கேளுங்கள்: குற்றச்சாட்டு அவரிடம் சொல்லப்பட்டதா? பதில் சொல்ல நேரம் இருந்ததா? குற்றம் சாட்டியவரே தீர்ப்பும் சொன்னாரா? பிடித்ததற்கும் கொன்றதற்கும் இடையே எத்தனை மணி நேரம்? கடைசிக் கேள்வியின் விடை பெரும்பாலும் மற்றவற்றுக்கும் விடை சொல்லிவிடும்.

சிறுவர் விஷயத்தில் சட்டம் சுருக்கமானது. 15 வயதுக்குக் கீழே சேர்ப்பதும் பயன்படுத்துவதும் போர்க்குற்றம். 2000ஆம் ஆண்டின் விருப்ப நெறிமுறை, அரசல்லாத குழுக்கள் 18 வயதுக்குக் கீழே யாரையும் சேர்க்கக்கூடாது என்கிறது. அரசுப் படைகளுக்கு மட்டும் 16 வயதிலிருந்து விருப்பச் சேர்க்கையை அனுமதிக்கிறது. இந்த ஓரவஞ்சனையைக் குழுக்கள் சுட்டிக்காட்டுவதில் நியாயம் உண்டு. 13 வயதுப் பிள்ளையை வேவு பார்க்க அனுப்பியதற்கு அது விடையாகாது. துப்பாக்கி தூக்கவில்லை, சமைத்தார், செய்தி கொண்டுபோனார் என்பதும் தப்பும் வழி அல்ல.

மறுதரப்பின் பத்தி

கெரில்லா தவறினால் அரசுக்குக் கை அவிழ்ந்துவிடாது. மக்களைக் கேடயமாக்கினாலும் எதிர்த்தரப்பின் கடமைகள் அப்படியே இருக்கும் என்று 51ஆம் பிரிவின் 8ஆம் உட்பிரிவு சொல்கிறது. இலங்கைப் போரின் இறுதிக்கட்டம் பற்றி ஐநா பொதுச்செயலாளர் அமைத்த நிபுணர் குழுவின் 2011ஆம் ஆண்டு அறிக்கை இந்த முறையில்தான் எழுதப்பட்டது. தாக்குதலற்ற வலயங்கள் என்று அரசே அறிவித்த இடங்களிலும் மருத்துவமனைகளிலும் எறிகணை வீசியது பற்றி அரசுமீதும், மக்களை இடைத்தடுப்பாக வைத்திருந்தது, தப்ப முயன்றவர்களைச் சுட்டது, சிறுவரைக் கட்டாயமாகச் சேர்த்தது பற்றிப் புலிகள்மீதும் நம்பத்தக்க குற்றச்சாட்டுகள் இருப்பதாக அது தனித்தனியே பட்டியலிட்டது. ஒரு பட்டியல் மற்றதைக் கழிக்கவில்லை. தமிழில் எழுதும்போது இரண்டில் ஒன்றை மட்டும் மேற்கோள் காட்டும் வழக்கம் இரு பக்கமும் வேரூன்றியிருக்கிறது. மேற்கோள் காட்டினால் இரண்டையும் காட்டுங்கள்.

பதிவும் முடிவும்

களத்தில் எடுக்க வேண்டியவை: நேரம் நிமிடம் வரை, வெளிச்சம், வெடித்த இடத்திலிருந்து ராணுவ இலக்குக்கும் அருகிலுள்ள குடியிருப்புக்கும் காலடியால் அல்ல, அளவுநாடாவால் தூரம், பள்ளத்தின் அகலமும் ஆழமும், அளவு தெரியும்படி பக்கத்தில் ஒரு பொருள் வைத்துப் படம், சாட்சிகளைத் தனித்தனியாக, அவர்கள் நின்ற இடத்திலிருந்தே கேட்ட வாக்குமூலம். வெடிக்காத எதையும் தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள், அதன்மேல் நிழல் விழும் தூரத்துக்குக்கூடப் போகாதீர்கள். தள்ளி நின்று படமெடுத்து, வெடி அகற்றுபவர்களிடம் சொல்லுங்கள். சாட்சியின் பெயரையும் வாக்குமூலத்தையும் ஒரே தாளில் வைக்காதீர்கள். தாள் பிடிபட்டால் அடுத்து பிடிபடுவது அவர்.

தாக்குதலுக்குப் பிறகு குழு என்ன செய்தது என்பதற்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். விசாரித்ததா, ஒப்புக்கொண்டதா, மறைத்ததா, உத்தியை மாற்றியதா? ஒருமுறை நடந்தது தவறாக இருக்கலாம். அதே ஆயுதம், அதே வகை இடம், அதே வகை இழப்பு மூன்றாம் முறை நடந்தால் அது கொள்கை.

முடிவை மூன்று தரத்தில் எழுதலாம்: மீறல் நிறுவப்பட்டது, மீறல் என நம்ப இடமுண்டு, முடிவுக்கு வரப் போதிய ஆதாரம் இல்லை. ஒவ்வொரு படிக்கும் தனித்தனித் தரம் கொடுங்கள். ஆயுதம் தடை செய்யப்பட்டதல்ல என்பது நிறுவப்பட்டிருக்கலாம், விகிதம் தவறியது என நம்ப இடமிருக்கலாம், எச்சரிக்கை பற்றி ஆதாரமே இல்லாதிருக்கலாம். தொடக்கத்தில் சொன்ன பாலத்துக்குப் போனால், முதலில் தேட வேண்டியது வெடியோடு இணைந்த கம்பி எங்கே முடிகிறது என்பதை. அது அருகிலுள்ள மேட்டில் முடிந்தால், அந்த மேட்டில் நின்று பாருங்கள்: பேருந்து வருவது அங்கிருந்து எத்தனை நொடிக்கு முன்பே தெரிகிறது என்று கடிகாரம் வைத்து எண்ணி எழுதுங்கள்.